கல்லின் மேல் போட்ட பழி

சலூன் நாற்காலியின் இரண்டு கைகளுக்கும் குறுக்கே ஒரு பலகையைப் போட்டு, அதன் மேல் தூக்கி உட்கார வைக்கப்பட்டவர்கள் நாம். கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி, பிடரியில் மிஷினின் குளிர்ச்சி, ஆடாதே என்று உச்சந்தலையை அழுத்துகிற ஒரு கை. என் வயதுக்காரர்களுக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை. என் பிள்ளைகள் அந்தப் பலகையைப் பார்த்ததில்லை. அவர்கள் காலத்தில் நாற்காலியே ஏறி இறங்க ஆரம்பித்துவிட்டது. அதனால் இதை உங்களோடு பேசுவது போலவே எழுதுகிறேன். பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளட்டும்.

எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் சின்ன மகன்தான். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன், திடீரென்று மடக்குக் கத்தியில் சவரம் செய்துகொள்ள ஆசை வந்து ஆன்லைனில் ஒன்று வாங்கிவிட்டான். கத்தி வந்த பிறகுதான் அதைத் தீட்டக் கல் வேண்டும் என்பது தெரிந்திருக்கிறது. மலையில் வெட்டியெடுத்த கல்லா, கம்பெனியில் செய்த கல்லா என்று போனில் எந்தெந்த நாட்டுக்காரர்களோ சண்டை போடுகிறார்களாம். அதையெல்லாம் பார்த்துக் குழம்பிப்போய், "தாத்தா சலூன்தானே வெச்சிருந்தார், உங்களுக்குத் தெரியுமாப்பா?" என்று என்னிடம் வந்தான்.

தெரியும். ஆடியில் ஆரம்பித்து ஆயுத பூஜை வரைக்கும் எங்கள் வீட்டில் அந்தச் சண்டைதான் நடந்தது. ஆனால் ஒரே வரியில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை.

எங்கள் வீடு சைதாப்பேட்டையில், ஆற்றோரம். கடை தி.நகரில், பாத்திரக் கடைகளுக்குப் பின்னால் போகிற ஒரு சந்தில். ஒரு ஸ்டேஷன் ரயிலில் போனால் போதும். அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். கடையில் இரண்டே நாற்காலி. வாசலை ஒட்டிய முதல் நாற்காலி நைனாவுடையது. உள்ளே இருந்தது என் மாமாவுடையது, அதாவது அம்மாவின் தம்பியுடையது. மாமா அதற்கு முன்னால் ஆழ்வார்பேட்டையில் ஏ.சி. போட்ட சலூனில் வேலை பார்த்தவர். அந்தத் தோரணை அவரை விடவில்லை. சட்டைக் கையை முழங்கை வரைக்கும் மடித்து, காதில் சீப்பைச் செருகி, வருகிறவர் உட்காருவதற்கு முன்பே துணியை ஒரு உதறு உதறுவார், பட்டாசு வெடித்த மாதிரி இருக்கும். நாங்கள் அவரை மாமா என்போம். அவர் நைனாவை மாமா என்பார். நான் வாசலில் நின்று 'மாமா' என்று கூப்பிட்டால் இரண்டு பேருமே திரும்பிப் பார்ப்பார்கள்.

அந்தக் கடையின் வாசனை இப்போது எங்கேயும் கிடைக்காது. ஸ்நோ, பவுடர், ஈர முடி, மிஷினுக்குப் போடும் எண்ணெய், ஊறிய தோல், நடுவில் படிகாரத்தின் ஒரு துவர்ப்பு. எதிரும் புதிருமாக இரண்டு கண்ணாடிகள். நடுவில் நின்றால் நான் வரிசையாகப் பச்சை நிறத்தில் மங்கிக்கொண்டே போவேன். கடைசியில் நிற்கிற என்னைப் பார்த்துவிட வேண்டும் என்று எத்தனையோ தடவை முயன்றிருக்கிறேன். தலை மறைத்துவிடும்.

நைனாவின் கல்லுக்கு வருகிறேன். அது மலைக்கல். சிந்தாதிரிப்பேட்டையில் பழைய சாமான் விற்கிற ஒருவரிடம் கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. எந்த நாட்டு மலை என்று விற்றவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. பாசிப்பயறு நிறம், குறுக்கே நரம்பு மாதிரி ஒரு வெளிர் கோடு, தொட்டால் குழந்தையின் உள்ளங்கால். கை கழுவாமல் தொட விடமாட்டார். காலையில் கடை திறந்ததும் அதன் மேல் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு, அதே கல்லின் ஒரு சிறு துண்டால் வட்டமாகத் தேய்ப்பார். வெளுப்பாக ஒரு குழம்பு ஊறும். "பால் வந்துச்சு பாரு" என்பார். அந்தப் பாலின் மேல் கத்தியைப் படுக்க வைத்து, கூரான வாய்ப்பக்கம் முன்னால் போகும்படி தள்ளுவார். கல்லின் முனையில் கத்தியை முதுகின் மேல் புரட்டி மறுபடி இழுப்பார். சத்தமே இருக்காது. கூர்ந்து கேட்டால் பட்டுப் புடவையை யாரோ மடிக்கிற மாதிரி ஒன்று கேட்கும். தண்ணீர் பட்ட அந்தக் கல்லிலிருந்து முதல் மழை வாசனை வரும். அப்புறம் சுவரில் தொங்குகிற தோல் பட்டையில் பளார் பளார் என்று தீட்டி முடிப்பார். கல் பேசாது, தோல்தான் பேசும் என்பது அவர் கணக்கு.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஆயுத பூஜையன்று கத்தி, கத்தரி, சீப்பு எல்லாவற்றையும் சாமி முன்னால் வைத்துவிடுவோம், யாரும் தொடக்கூடாது. மறுநாள் விஜயதசமி காலையில் எடுத்து முதலில் யாருக்குச் சவரம் செய்கிறோமோ அவருக்கு எங்கள் கடையில் 'முதல் முகம்' என்று பெயர். முதல் முகம் சுத்தமாக அமைந்தால் வருஷம் முழுவதும் கடை நிறையும் என்பது நம்பிக்கை. முதல் முகத்தை நைனாதான் போடுவார். வருஷா வருஷம் வந்து உட்காருகிறவர் எங்கள் சந்துக்கு முன்னால் பெரிய பாத்திரக் கடை வைத்திருந்த முதலாளி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். புதுக்கடை திறக்கும்போதும், மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போகும்போதும் நைனாவின் கை பட்டால்தான் காரியம் நடக்கும் என்று நம்புகிறவர். அவர் வந்து உட்கார்ந்தால் சந்தே வந்து உட்கார்ந்த மாதிரி. அவர் வராவிட்டாலும் அப்படித்தான், சந்துக்கே செய்தி போய்விடும்.

அந்த வருஷம் ஆடி மாதத்தில் ஒரு நாள், நைனா அந்த முதலாளியின் தாடையில் கத்தியை வைத்துவிட்டார்.

பெரிய காயம் ஒன்றும் இல்லை. ஆனால் வெள்ளைத் துணியில் சிவப்பு என்றால் கடுகளவும் கல்யாணப் பூசணிதான். நைனா படிகாரத்தை வைத்து அழுத்தினார். முதலாளி எழுந்து கண்ணாடியில் பார்த்துக்கொண்டு, "கத்தி இழுக்குதேய்யா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அப்புறம் அவர் வரவில்லை. அவர் கடைப் பையன்களும் வரவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் முதல் நாற்காலி காலியாக இருந்தாலும் பேப்பரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாமாவின் நாற்காலிக்காகக் காத்திருக்க ஆரம்பித்தார்கள். நைனா துணியை உதறிவிட்டு, "வாங்க" என்பார். "இருக்கட்டும், படிச்சிக்கினு இருக்கேன்" என்பார்கள். பேப்பர் தலைகீழாக இருந்ததைக்கூட நான் பார்த்திருக்கிறேன்.

அப்போதுதான் மாமா அந்த வார்த்தையைச் சொன்னார். கடை நிறைய ஆள் இருக்கும்போது, எல்லார் காதிலும் விழும்படி.

"இன்னா மாமா, கல்லு செத்துப்போச்சு. இத்த வெச்சுக்கினு எத்தினி நாளிக்கு மாரடிப்ப? இது கல்லா, புட்டா?"

நைனா கல்லைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே விஷயம் என் மூலமாக அம்மாவின் காதுக்குப் போய்விட்டது. அம்மா தம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் அக்கா புருஷன் சோத்த துன்னுக்கினு, அவரு கல்ல நாலு பேரு முன்னால கொற சொல்லுவியா? நீ வந்து எத்தினி நாளாச்சு, அந்தக் கல்லு வந்து எத்தினி வருசமாச்சு?"

மாமா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "கல்லத்தான்க்கா சொன்னேன். ஆளச் சொல்லல" என்றார். அம்மா அதைக் காதில் வாங்கவில்லை. நானும்தான்.

சில நாளில் மாமா ஒரு புதுக் கல்லோடு வந்தார். துறைமுகத்தில் கப்பல்காரர் ஒருவர் மூலமாக வரவழைத்ததாகச் சொன்னார். கம்பெனியில் செய்த கல். பால்கோவாவைத் துண்டு போட்ட மாதிரி வெள்ளை, நாலு மூலையும் அளந்து வெட்டிய மாதிரி நேர், கோடு கிடையாது, நரம்பு கிடையாது. ஒரு பக்கம் கொஞ்சம் சொரசொரப்பு, மறுபக்கம் நைஸ். தண்ணீர் வாளியில் போட்டால் சோடா மாதிரிக் குமிழ் விட்டது. குமிழ் நின்ற பிறகுதான் எடுக்க வேண்டுமாம். நானும் அக்காவும் வாளிக்கு முன்னால் குந்திக்கொண்டு கடைசிக் குமிழ் எது என்று சண்டை போட்டோம்.

அந்தக் கல் கத்தியைக் கடித்தது. நைனாவின் கல்லில் அரை மணி போடுகிற கத்தியை வெள்ளைக் கல் ஒரு டீ ஆறுவதற்குள் முடித்துவிடும். கரகரவென்று சத்தம், கல்லின் மேல் இரும்புச் சேறு கறுப்பாக. நைனா எட்டி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "அரிசி அரைக்கிற மாதிரி கீதுடா" என்றார். அதில் கோபம் இல்லை. விரலால் கல்லைத் தடவி, "நேரா பண்ணிக்கிறான்யா" என்று யாரென்றே தெரியாத அந்தக் கம்பெனிக்காரனைப் பாராட்டவும் செய்தார். அவர் சுபாவம் அப்படி. நல்ல பொருள் என்றால் எதிராளியுடையது என்று பார்க்கமாட்டார்.

இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தே தீர்வது என்று மாமா ஒரு வாரக் கடைசியில் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒரே கம்பெனிக் கத்தி இரண்டு. ஒன்று பச்சையில், ஒன்று வெள்ளையில். கூர் பார்க்க முடிதான் வேண்டும். ஒரு முடியை விரல் நுனியில் பிடித்து அந்தரத்தில் தொங்கவிட்டு, கத்தி வாயில் மெல்ல இறக்க வேண்டும். நல்ல கூர் என்றால் முடி தானாக இரண்டாகி விழும். அக்காவுக்கு இடுப்பு வரைக்கும் முடி. அவள் பின்னலிலிருந்து ஒன்றைப் பிடுங்கினார். பச்சைக் கல் கத்தியில் இறக்கினார், விழவில்லை. வெள்ளையில் இறக்கினார், அதிலும் விழவில்லை. மறுபடி பிடுங்கினார். மறுபடியும் இல்லை. மாமாவின் முகம் தொங்கிவிட்டது. திரும்பத் திரும்பக் கல்லில் போட்டார். கத்திகள் இரண்டும் தேய்ந்ததுதான் மிச்சம். நைனாவும் தாடையைத் தேய்த்துக்கொண்டு யோசித்தார். தொழிலே தெரிந்த இரண்டு ஆண்கள் பகல் முழுவதும் மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, அரிசி களைந்துகொண்டிருந்த அம்மா அங்கிருந்தே சொன்னாள், பொழுது விடிஞ்சா அவ தலையில அரக்கிண்ணம் தேங்காய் எண்ணெய் ஊத்தறேன், முடி வழுக்காம இன்னா பண்ணும் என்று.

அன்றைக்கு வீட்டில் எல்லாரும் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது. நைனாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் எண்ணெய் இல்லாத தலையே கிடையாது. வெள்ளிக்கிழமை சீயக்காய் போட்டு அக்கா தலை காய வைக்கும் வரைக்கும் ஆராய்ச்சி நின்றது. அவள் அதை வைத்து நன்றாகவே சாதித்துக்கொண்டாள். ஒரு முடிக்கு ஒரு நாள் பாத்திரம் துலக்கமாட்டேன் என்று பேரம். மாமா எனக்குத் துலக்கக் கற்றுக்கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை இரண்டு கத்தியிலும் முடி விழுந்தது. வெள்ளைக் கல் கத்தியில் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தத்தோடு. பச்சையில் சத்தமே இல்லாமல், முடிக்கே தெரியாமல். ஆகவே முடி தீர்ப்புச் சொல்லவில்லை, முகம்தான் சொல்ல வேண்டும் என்றார் மாமா.

முகம் கொடுத்தவர் சந்து முனையில் வாழைப்பழ வண்டி வைத்திருந்தவர். தேங்காய் நார் மாதிரி தாடி. அவருக்கு இடது கன்னம் பச்சைக் கல் கத்தியில், வலது கன்னம் வெள்ளைக் கல் கத்தியில். இடது கன்னத்தைப் போட நைனா எழுந்தார். மாமா தடுத்துவிட்டார். ரெண்டு கன்னத்தையும் ஒரே கை போட்டால்தான் கல்லுக்குக் கல்லு ஒப்பிட்டதாகும், கை மாறினால் கணக்கு கெட்டுப்போகும் என்றார். நியாயமான பேச்சுதான். நைனா உட்கார்ந்துவிட்டார். சந்தே வேடிக்கை பார்த்தது. முடிந்ததும் பழக்காரர் இரண்டு கன்னத்தையும் தடவித் தடவிப் பார்த்தார், மாம்பழம் பொறுக்குகிறவர் மாதிரி.

"வாத்யாரே, வலது பக்கம் கண்ணாடி கணக்கா கீது. ஆனா தண்ணி பட்டா சுருக்குன்னுது. இடது பக்கம் நீ போட்டதே தெரில. தூங்கிட்டேன்."

இதுதான் மகனே, உன் கேள்விக்குப் பதில். கம்பெனிக் கல் வேகம். எப்போது போட்டாலும் ஒரே மாதிரி. மலைக்கல் மெதுவாகத்தான் வேலை செய்யும், ஒவ்வொன்றும் ஒரு குணம். ஆனால் அது கொடுக்கிற வாய் முகத்துக்கு மெத்தென்று இருக்கும். பின்னாளில் எங்கள் கடையில் முதலில் வெள்ளையில் போட்டு, கடைசியில் பச்சையில் முடிப்பது என்று வழக்கமாகிவிட்டது. நீ வாங்குவதானால் ஒரு கம்பெனிக் கல்லே போதும். உனக்கு அவசரம் அதிகம்.

ஆனால் அன்றைக்கு நடந்தது வேறு. பழக்காரர் போன பிறகு வந்தவர்கள் எல்லாரிடமும் மாமா என்ன சொன்னார் தெரியுமா? வெள்ளைக் கல் ஜெயித்துவிட்டது, பச்சைக் கல் செத்தது செத்ததுதான், நைனா இனிமேல் வெள்ளையில்தான் போடப்போகிறார், முதலாளி காதில் போட்டுவையுங்கள் என்று. அக்கா என்னை இடித்தாள். "டேய், பழக்காரர் பச்சதான் நல்லா கீதுன்னாரு. மாமா மாத்திச் சொல்றாரு பாரு" என்றாள். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தோம். மாமாவுக்கு முதல் நாற்காலி மேல் கண். அதற்காகத்தான் நைனாவின் கல்லைக் கேவலப்படுத்துகிறார். அன்றிலிருந்து அவர் வாங்கி வருகிற கடலை மிட்டாயைக் கொஞ்சம் தயங்கிவிட்டுத்தான் சாப்பிட்டோம்.

நைனாவுக்கும் அந்தப் பொய் காதில் விழுந்தது. அவர் ஒன்றுமே சொல்லாததுதான் எனக்கு அப்போது புரியவில்லை.

இப்போது எனக்கும் கண்ணாடி போட்டு, சொட்டு மருந்தும் விட ஆரம்பித்த பிறகு, அந்த நாட்களைத் திருப்பிப் பார்க்கிறேன். கல்லில் நாலு சொட்டு விடுகிற நைனா, கல்லுக்குப் பக்கத்தில் பலகையின் மேல் தண்ணீரை விட்டது நினைவுக்கு வருகிறது. கடையில் டியூப் லைட் மங்கிவிட்டது என்று புதிதாக மாற்றியதும், மாற்றிய பிறகு அதுவும் மங்கல்தான் என்று சலித்துக்கொண்டதும். வருகிறவர்களை முகம் பார்த்து அல்ல, குரல் கேட்ட பிறகே பேர் சொல்லிக் கூப்பிட்டதும். வாடிக்கைக்காரர்களின் முகத்தை வாசல் வெளிச்சத்துக்காக லேசாகத் திருப்பிக்கொண்டே இருந்ததும். மாம்பலம் ஸ்டேஷன் படியில் என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். எனக்கு அது செல்லம் என்று பட்டது. பெருமையாகத் தோளை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

நைனாவுக்குக் கண்புரை. பிற்பாடு ஆபரேஷன் நடந்தது, தடித்த கண்ணாடி வந்தது. கத்தியைக் கல்லில் தீட்டுகிற வேலையை மட்டும் அவர் விரலாலும் காதாலும் கடைசி வரைக்கும் செய்தார். ஆனால் அந்த ஆடியில் அதை யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்? தையல்காரருக்குக் கண் போனால் தையல் கோணும், அவ்வளவுதான். தொண்டைக்குழியில் கத்தி வைக்கிறவருக்குக் கண் தெரியவில்லை என்று ஒரு வார்த்தை வெளியே போனால் அப்புறம் அந்த நாற்காலியில் யார் உட்காருவார்கள்? அதைக் கண்டுபிடித்தது மாமா ஒருவர்தான். பக்கத்து நாற்காலியிலிருந்து தினமும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தவர் ஆயிற்றே. ஊர் வாய் நைனாவின் கண்ணுக்கு வருவதற்கு முன்னால் அதற்கு ஒரு கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டார். பேசிக்கொள்ளட்டும், கல்லைப் பற்றிப் பேசிக்கொள்ளட்டும் என்று. எங்கள் அம்மா திட்டினாள், பிள்ளைகள் நாங்கள் முறைத்தோம். எல்லாவற்றையும் அந்த மடித்துவிட்ட சட்டைக் கையோடு, சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். எத்தனையோ பெரிய மனிதர்களை அப்புறம் பார்த்துவிட்டேன். பொறாமைக்காரன் என்ற பெயரைத் தானாக விரும்பித் தலையில் சுமந்துகொண்டு திரிந்தவர் அவர் ஒருவர்தான்.

ஆனால் பொய் நன்றாகவே வேலை செய்துவிட்டது. அதுதான் வம்பாகப் போயிற்று.

ஆயுத பூஜை வந்தது. கடையை அலசிவிட்டு, கண்ணாடிகளுக்குச் சந்தனப் பொட்டு வைத்து, நாற்காலிகளுக்கு மாலை போட்டோம். சாமி படத்துக்கு முன்னால் கத்திகள் வரிசையாக, பக்கத்தில் பச்சைக் கல்லும் வெள்ளைக் கல்லும், இரண்டுக்கும் குங்குமம். பொரி, கடலை, வாழைப்பழம். மறுநாள் காலையில் நாங்கள் எல்லாருமே கடைக்குப் போனோம். அம்மா கற்பூரம் காட்டினாள். நைனா கும்பிட்டுவிட்டுத் தன் கத்தியை எடுத்தார். கல்லில் இருந்த குங்குமத்தைக் கழுவி, எல்லாரும் பார்க்க வெள்ளைக் கல்லில் போட்டார். தோல் பட்டை பளார் என்றது. பெஞ்சு நிறைய ஆள். முதல் முகத்துக்குப் பழக்காரரைக் கூப்பிடலாமா என்று பேசிக்கொண்டிருக்கும்போது வாசல் இருண்டது.

பாத்திரக் கடை முதலாளி. வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. வந்தவர் மாலை போட்ட நாற்காலியைப் பார்த்தார், நைனாவைப் பார்த்தார்.

"கல்லை மாத்தியாச்சாமே. பிறகென்ன, இந்த வருசமும் உம்ம கைதான். எடும்."

நைனாவின் முகம் மலர்ந்துவிட்டது. அந்த மலர்ச்சியை நான் பார்த்தேன். மாமாவும் பார்த்தார். மாமாவின் முகத்தில் ரத்தமே இல்லை. இப்போதுதான் எனக்கு அது புரிகிறது. பழி போட இனிமேல் கல் மிச்சம் இல்லை. இந்த முகத்தில், இந்த நாளில், இத்தனை பேர் முன்னால் கத்தி பட்டுவிட்டால் அது நைனாவின் கண்ணில்தான் போய் முடியும். அதோடு அந்த நாற்காலி காலி.

முதலாளி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் கால் வைக்கப்போனார். மாமா பாய்ந்து வந்து அதில் உட்கார்ந்துவிட்டார்.

"மொதலாளி கோச்சிக்காதீங்க. வேண்டுதல். இந்த வருசம் மொத மொகம் என்னுது. கல்ல வாங்கினு வந்தவனே நானு, எனுக்கு இல்லாத உரிமையா?" என்று சொல்லிச் சிரித்தார். பெஞ்சில் இருந்தவர்களும் சிரித்தார்கள். முதலாளி, சரி போடும் என்று பெஞ்சில் இடம் பிடித்தார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள், இவனுக்கு எல்லாத்துலயும் முந்திக்கணும் என்று.

நைனா பிரஷ்ஷால் நுரை போட்டார். கத்தியை விரித்தார். இடது கன்னம் சுத்தமாக இறங்கியது. தாடை எலும்பு வளைகிற இடத்துக்கு வந்தபோது மாமாவின் கை நாற்காலிக் கையை இறுகப் பிடித்தது. முகம் அசையவில்லை. வெள்ளை நுரைக்குள் ஒரு சிவப்புக் கோடு மெல்லப் படர்ந்தது. மாமா உடனே பக்கத்து நுரையை விரலால் இழுத்து அதன் மேல் பூசிவிட்டார். பெஞ்சிலிருந்து யாருக்கும் தெரிந்திருக்காது. எதிர்க் கண்ணாடியில் எனக்குத் தெரிந்தது.

நைனா அடுத்த இழுப்புக்காகத் தோலை இழுத்துப் பிடிக்க, கட்டைவிரலை அங்கேயே வைத்தார். விரல் நின்றுவிட்டது. நுரை என்றால் வழுக்கும். இது ஒட்டியது.

"இன்னாடா இது?"

"பரு மாமா. நேத்தே இருந்துச்சு. நீ பாட்டுக்கு போடு."

நைனா விரலைத் தேய்த்துப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார்.

"பழக்க தோசத்துல பச்சக் கல்லுலயே போட்டுட்டியா மாமா?" என்றார் மாமா. அதற்குள்ளும் அவருக்கு அது தோன்றியது பாருங்கள்.

"எல்லாரும் பாத்தாங்கடா. வெள்ளக் கல்லுலதான் போட்டேன்." நைனா கத்தியைத் துடைத்து மடித்தார். குரலில் கோபம் இல்லை, அலுப்பு இல்லை. "எவ்ளோ நாளிக்கு அந்தக் கல்லு மேல பழியப் போடுவ? அது இன்னா பண்ணுச்சு, பாவம். ரெண்டும் நல்ல கல்லுதான்."

அப்புறம் பெஞ்சின் பக்கம் திரும்பினார். முதலாளி எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று அவருக்குத் தெரிந்திருக்காது. பொதுவாகப் பார்த்துச் சொன்னார்.

"எனுக்குத்தான் கண்ணு தெரில, மொதலாளி. அன்னிக்கும் கல்லு இல்ல."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவள் நைனாவைப் பார்க்கவில்லை, நாற்காலியில் இருந்த தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்திரிடா" என்றார் நைனா. மாமா எழுந்திருக்கவில்லை. நைனா அவர் கழுத்திலிருந்த துணியை அவிழ்த்து எடுத்து, ஒரு உதறு உதறி, தன் கழுத்திலேயே கட்டிக்கொண்டார். வேறு வழியில்லாமல் மாமா எழுந்தார். நைனா தடவிப் பார்த்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் அவர் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"நீ எழுந்துட்ட, பாதியில நின்னது கணக்குல வராது. மொத மொகம் என்னுது. போடு."

மாமா நின்றுகொண்டே இருந்தார். ஒரு கன்னம் சுத்தம், ஒரு கன்னம் நுரை, தாடையில் சிவப்பு. "எந்தக் கத்தி மாமா?" என்றார். குரல் அவருடையதாகவே இல்லை.

"உன் கத்தி. இனிமே இந்த நாற்காலியில உன் கத்திதான்."

பெஞ்சிலிருந்து முதலாளி துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நல்லாச் சாஞ்சு உக்காரும்வே. உமக்கு அடுத்து நான்" என்றார்.

நைனா தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். மாமா தன் முகத்து நுரையைத் துடைக்காமலே அவர் முகத்துக்கு நுரை போட்டார். கன்னங்கள் இரண்டையும் முடித்துவிட்டுத் தொண்டைக்கு வந்தார். கத்தியை வைக்கப்போகும்போது நைனாவின் தொண்டை மேலும் கீழும் ஏறி இறங்கியது. எதையோ விழுங்கினார். மாமா கத்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். இன்னொரு தடவை விழுங்கினார். அதற்கும் காத்திருந்தார். தொண்டை அடங்கிய பிறகு, மெதுவாக இறக்கினார்.